கெடு கடந்த கணினி



காஞ்சிபுரத்திற்குத் தென்மேற்கே, வேகவதி ஆற்றங்கரையில், திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் உள்ளது. வரலாற்றாசிரியர்கள் சமணக் காஞ்சி என்று கூறுவது அவ்வூரையே. நான் அங்கு வாழ்கிறவன். அவ்வூர்த் திரைலோக்கியநாதர் கோயிலில் சங்கீத மண்டபம் ஒன்று உண்டு. விசயநகர அரசில் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கிய இருகப்பர் அதனை 1387-88-ஆம் ஆண்டளவில் எடுப்பித்தார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாக விளங்குகின்றன. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக வெயிலும் மழையும் கண்ட அம்மண்டபம் இன்றும் நிற்கின்றது. கட்டினவருடைய திறமை மட்டுமா அதற்குக் காரணம்? அன்று. பின்வந்த தலைமுறையினர் பழுது பார்த்தனர். மங்கிய ஓவியங்களைப் பிற்காலத்தார் மீண்டும் தீட்டினர். ஆக்கியவர் ஒருவர், காத்தவர் பலர்.

பழுது பார்ப்பதை நம் முன்னோர் பெரிய கடமையாகவே எண்ணினர். கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' என்றொரு சொல் வழங்குகின்றது. கோயில் பழுதுற்றால் அதனைப் புதுக்குவதற்கென்று தனியே விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஏரியை வெட்டியதோடு வேலை முடிந்தது என்று அவ்வூரார் இருந்துவிடவில்லை. அதனைப் பேணுவதற்கு ஒரு குழுவை ஆண்டுதோறும் அமர்த்தினர். உண்டாக்கும் பொழுதே, பின்னால் வரும் பழுதையும் அவர்கள் எண்ணிப் பார்த்தனர்.

இன்று நான் உங்களோடு பேச விரும்புவது கோயிலைப் பற்றியும் அன்று. ஏரியைப் பற்றியும் அன்று. உங்கள் மடிமீது இருக்கும் மடிக்கணினியைப் பற்றி. உத்தரவாதக் காலம் முடிந்தபின் அது பழுதுற்றால் செய்யத்தக்கது யாது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இது சிறிய செய்தி என்று கருத வேண்டா. ஒரு தலைமுறைக்கு முன்பு மாணவனுடைய உடைமை புத்தகமும் பேனாவுமே. பேனா உடைந்தால் வேறு பேனா வாங்கலாம். இன்றைய மாணவனுடைய பாடமும், குறிப்பும், ஆய்வேடும், வேலைக்கு எழுதும் விண்ணப்பமும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன. தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதற்குப் பின் பல இலட்சம் எளிய குடும்பங்களில் முதன்முதலாகக் கணினி நுழைந்தது. 2025-26-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ கையடக்கக் கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. கருவி வந்த வீடுகளில் எல்லாம் ஒருநாள் பழுதும் வரும். அன்று திகைத்து நிற்பவர் சிலர். வழி தெரிந்து நடப்பவர் சிலர். செல்வம் இருப்பதாலும் இல்லாமையாலும் மட்டும் இவ்வேறுபாடு தோன்றுவதில்லை. தெரிந்திருப்பதும் தெரியாதிருப்பதுமே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

முதலில் உத்தரவாதம் என்பது யாது என்று பார்ப்போம். இன்ன காலத்திற்குள் பழுது நேர்ந்தால் எம் செலவில் சரிசெய்து தருவோம் என்று பொருளை ஆக்கியவர் கொடுக்கும் வாக்கே உத்தரவாதம். மடிக்கணினிக்குப் பெரும்பாலும் அஃது ஓராண்டு. அவ்வோராண்டு கழிந்தால் அந்த வாக்கு முடிகின்றது. ஆனால் கருவியின் ஆயுள் அன்றே முடிந்துவிடுகிறதா? இல்லை. நன்றாகப் பேணினால் ஐந்து, ஆறு ஆண்டுகள் உழைக்கும் கணினிகள் எத்தனையோ உள்ளன. உத்தரவாதம் முடிந்த நாளில் ஒன்றே ஒன்றுதான் மாறுகின்றது. அதுவரை ஆக்கியவர் தலையில் இருந்த பொறுப்பு நம் தலைக்கு வருகின்றது. பொறுப்பு வரும்பொழுது உரிமையும் உடன் வரவேண்டும். கருவியைத் திறக்கவும், தக்கவரிடம் காட்டவும், உறுப்பை மாற்றவும் நமக்கு வழி இருக்க வேண்டும். அவ்வழி அடைபட்டிருந்தால் நாம் கருவிக்கு உடையவர் அல்லர். வாடகைக்கு இருப்பவரே ஆவோம்.

இதனை விளக்க எங்கள் ஊர்ப்பக்கத்துத் தறியையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். தறிக்கு உத்தரவாதச் சீட்டு இல்லை. ஆயினும் தந்தை நெய்த தறியில் மகன் நெய்கின்றான். மரம் உளுத்தால் தச்சர் வந்து மாற்றித் தருகின்றார். விழுது அறுந்தால் நெசவாளரே கட்டிக்கொள்கின்றார். எந்த உறுப்பும் மறைவாக இல்லை. எந்த உறுப்பும் தனியே கிடைக்கும். ஆகவே தறி நீடித்து வாழ்கின்றது.

தறிக்கும் கணினிக்கும் உறவு உண்டு என்பதையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். பிரான்சு நாட்டு இலியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் பொறியை அமைத்தார். துளை உள்ள இடத்தில் இழை எழும். இல்லாத இடத்தில் எழாது. இந்த முறையைக் கண்டு வியந்த ஆங்கிலேயர் சார்லசு பாபேசு, தாம் எண்ணிய கணக்கிடும் எந்திரத்திற்கும் அட்டைகளையே கருவியாகக் கொண்டார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார். கணினி வளர்ந்த வழியில் இவை முதற்படிகள். அதே ஜக்கார்டுப் பெட்டி காஞ்சிபுரத்துத் தறிகளின்மேல் இன்றும் அமர்ந்திருக்கின்றது. சேலைக் கரையில் ஓடும் அன்னமும் யாளியும் இன்று கணினித் திரையில் வரையப்பெற்றுப் பின்னரே தறிக்கு வருகின்றன. கணினிக்கு மூதாதை தறி. மூதாதையைப் பழுது பார்க்கக் கற்ற ஊர், பேரனைப் பழுது பார்க்க அஞ்சுவானேன்?

அண்மையில் நான் அருகிருந்து கண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கின்றேன். எங்கள் தெருவில் நெசவாளர் ஒருவருடைய மகன் கல்லூரியில் கணினி அறிவியல் இறுதியாண்டு படித்தான். கடன் வாங்கிய பணத்தில் வாங்கிய மடிக்கணினி. ஓராண்டு உத்தரவாதம் முடிந்து நான்கு திங்கள் ஆயிற்று. ஓர் இரவு அது பேச்சுமூச்சின்றி நின்றுவிட்டது. செய்முறைத் திட்ட அறிக்கையைக் கொடுப்பதற்கு இருபது நாள்களே இருந்தன. பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றுக்குக் கொண்டு சென்றான். தாய்ப்பலகை போய்விட்டது; அதனை முழுவதும் மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள். மதர்போர்டு என்று கடைகளில் வழங்குவதே தாய்ப்பலகை. அதற்கு அவர்கள் கேட்ட தொகை புதிய கணினி விலையில் பாதிக்கு மேல். இரண்டு மூன்று சேலை நெய்தால் கிடைக்கும் கூலியும் அதற்கு ஈடாகாது.

பையன் சோர்ந்து என்னிடம் வந்தான். "ஐயா, படிப்பை இந்த ஆண்டு நிறுத்திவிட வேண்டியதுதானா?" என்று கேட்டான். உடன் வந்த தந்தையார் கணினி அறியாதவர். ஆனால் அவர் கேட்ட கேள்வி அறிவாளியின் கேள்வி. "பாவில் நாலு இழை அறுந்தால் இழையை முடிகிறோம், ஐயா. தறியையே மாற்று என்றால் அது என்ன நியாயம்?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டே நாங்கள் சென்னைக்குச் சென்றோம். மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ரிச்சி தெருவில், தாய்ப்பலகையின் நுண்ணிய உறுப்புகளையே தனித்தனியே மாற்றித் தரும் வேலையாட்கள் இருக்கின்றார்கள். 'சிப் லெவல் சர்வீஸ்' என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பார்கள். ஒருவர் பலகையைக் கழற்றி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, அளவி கொண்டு ஒவ்வொரு மின்வழியாகச் சோதித்தார். அரிசி நுனி அளவுள்ள மின்தேக்கி ஒன்று உட்குறுக்காகி, வரும் மின்சாரத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. அதனை எடுத்து வேறொன்றை வைத்துப் பற்றவைத்தார். கணினி உயிர்பெற்றது. நிலையம் கேட்ட தொகையில் அவர் பெற்றது ஒரு சிறு பங்கே. அறிக்கையும் உரிய நாளில் கல்லூரிக்குச் சென்றது.

எல்லாருக்கும் எப்பொழுதும் இவ்வாறே வாய்க்கும் என்று நான் கூறவில்லை. மையச் செயலியே எரிந்துவிட்டால் வழி குறுகிவிடும். ஆனால் 'முழுவதும் போய்விட்டது' என்னும் தீர்ப்பை முதல் வாயிலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும்.

இனி, பழுது நேர்ந்த அன்று செய்யவேண்டியவற்றை முறையாகச் சொல்கின்றேன்.

முதலாவது, கருவியை விட உள்ளிருக்கும் எழுத்தே பெரிது என்பதை உணருங்கள். கணினிக்கு விலை உண்டு. மூன்றாண்டு உழைத்து எழுதிய ஆய்வுக்கு விலை இல்லை. தாய்ப்பலகை கெட்டாலும் சேமிப்பகம் பெரும்பாலும் கெடுவதில்லை. தனியே கழற்றக்கூடிய வன்தட்டாகவோ எஸ்எஸ்டியாகவோ இருந்தால் அதனை எடுத்து, உறையிலிட்டு, வேறொரு கணினியோடு இணைத்து உள்ளிருப்பதைப் படியெடுக்கலாம். புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்னும் மறையாக்கம் இருக்கின்றது. அதற்குரிய 48 இலக்க மீட்புத் திறவுகோல் இல்லையேல் உடையவரும் உள்ளே நுழைய இயலாது. நல்ல நிலையில் கணினி இருக்கும்பொழுதே அத்திறவுகோலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் "எழுத்துகளை அழிக்கலாகாது" என்று வேலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, நோய் இன்னது என்று அறிந்த பின்னரே மருந்தைத் தேடுங்கள். கணினி இயங்கவில்லை என்றால் முதலில் சார்ஜரை ஐயுறுங்கள். அதே அளவு மின்னழுத்தமும் ஆற்றலும் உடைய வேறொரு சார்ஜரைக் கொண்டு பாருங்கள். சார்ஜரை நீக்கிவிட்டுத் தொடக்கப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, சில கணினிகள் மீண்டும் எழும். விளக்கு எரிகின்றது, விசிறி சுழல்கின்றது, திரை மட்டும் இருண்டிருக்கின்றது என்றால், வெளித்திரை ஒன்றை இணைத்துப் பாருங்கள். அதில் படம் தோன்றினால் நோய் திரையிலோ அதன் கம்பியிலோ இருக்கின்றது. தாய்ப்பலகை பெரும்பாலும் நலமே. தொடக்கத்தில் கணினி எழுப்பும் 'பீப்' ஒலியின் எண்ணிக்கைக்கும் பொருள் உண்டு. ஆக்கியவரின் கையேட்டில் அதனைக் காணலாம். நினைவகச் சில்லைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகிய அளவில் எழுந்த கணினிகளும் உள.

மின்கலம் மட்டும் வேறு வகை. அது தேயும் பொருள், செருப்பைப் போல. இலித்தியம் அயனி மின்கலம் சில நூறு முறை முழுதாக ஏறி இறங்கியபின் தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழந்துவிடும். வெப்பம் அதனை விரைவில் முதுமைப்படுத்தும். சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், மெத்தைமேல் வைத்து இரவெல்லாம் மின்னேற்றினால் அதன் ஆயுள் குறையும். மின்கலம் உப்பிக் கணினியின் அடிப்பக்கம் புடைத்திருக்கக் கண்டால், உடனே நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது. அது தீப்பற்றும். அதனைத் தக்கவரிடம் மட்டும் ஒப்படையுங்கள்.

மூன்றாவது, ஒரே இடத்தில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பழுது யாது, மாற்றும் உறுப்பு யாது, அது புதியதா பழையதா, விலை எவ்வளவு, கூலி எவ்வளவு, செய்த வேலைக்கு எத்தனை நாள் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். கழற்றிய உறுப்பைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். இவ்வளவு கேட்பவரை ஏமாற்றுதல் எளிதன்று.

நான்காவது, உத்தரவாதம் முடிந்தது என்ற ஒன்றைக் கொண்டே ஆக்கியவரிடம் கேட்பதை விட்டுவிடாதீர்கள். சில பழுதுகள் உங்கள் கணினிக்கு மட்டும் உரியவை அல்ல. அந்த மாதிரிக்கே உரியவை. 2008-ஆம் ஆண்டு ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் மடிக்கணினி வரைகலைச் சில்லுகள் சிலவற்றில் குறை இருப்பதை அறிவித்து, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூடேறி விரிவதும் ஆறிச் சுருங்குவதுமாகிய வேலையில் அச்சில்லுகளின் இணைப்புகள் தளர்ந்தன. டெல், எச்பி ஆகிய நிறுவனங்கள் குறையுள்ள மாதிரிகளுக்கு உத்தரவாதக் காலத்தை நீட்டித்தன. 2018-ஆம் ஆண்டு ஜூனில் ஆப்பிள் நிறுவனம், சில மேக்புக் மாதிரிகளின் விசைப்பலகையை, முதலில் விற்ற நாளிலிருந்து 4 ஆண்டு வரை இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தது. ஒருவர் இருவர் முறையிட்டதால் இவை நிகழவில்லை. பலர் முறையிட்டனர், ஆகவே நிகழ்ந்தன. உங்கள் கணினியின் மாதிரிப் பெயரையும் வரிசை எண்ணையும் கொண்டு, அத்தகைய நீட்டிப்பு ஏதும் உண்டா என்று ஆக்கியவரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

ஐந்தாவது, சட்டத்தை அறியுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020-ஆம் ஆண்டு ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கின்றது. உத்தரவாதம் முடிந்தபின் தோன்றும் எல்லாப் பழுதுக்கும் விற்றவரைப் பொறுப்பாக்க இயலாது. தேய்மானத்திற்கு யார் பொறுப்பாவார்? ஆனால் பழுது தொடக்கத்திலேயே உள்ளே ஒளிந்திருந்த ஆக்கக் குறை என்று சான்று காட்ட முடிந்தால் வழக்காட இடம் உண்டு. உத்தரவாதக் காலத்திலேயே முறையிட்டும் சரிசெய்யாமல் நாளைக் கடத்தியிருந்தாலும், காசு வாங்கிக்கொண்டு பழுதைக் கெடுபழுதாக்கினாலும் முறையிடலாம். நீங்கள் வாழும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையீட்டைக் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணம் இல்லை. வழக்குக்குரிய காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் சென்றாக வேண்டும். அதற்கு முன், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினால் பல குறைகள் வழக்கின்றியே தீர்கின்றன. ஆனால் இவை அனைத்திற்கும் அடிப்படை ஒரு துண்டுத் தாள், அதுவே விலைச்சீட்டு. சீட்டு இல்லாதவன் சொல் அம்பலம் ஏறாது. விலைச்சீட்டையும் வேலைச்சீட்டையும் உங்கள் மதிப்பெண் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.

இதுவரை தனிமனிதன் செய்யத்தக்கதைச் சொன்னேன். இனி, சமுதாயம் செய்யத்தக்கது ஒன்று இருக்கின்றது. உதிரி உறுப்புகளை வெளியார்க்கு விற்க மறுப்பது, மின்சுற்று வரைபடத்தை மறைப்பது, நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பலகையோடு பற்றவைத்துவிடுவது, மின்கலத்தைப் பசையிட்டு ஒட்டிவிடுவது ஆகியவற்றால் பழுது பார்க்கும் வழி நாளுக்கு நாள் குறுகி வருகின்றது. எடை குறைய வேண்டும், உருவம் மெலிய வேண்டும் என்பதற்காகவும் சிலவற்றைச் செய்கின்றனர், அதனையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் மெலிந்த உருவத்திற்கு நாம் கொடுக்கும் விலை பெரிது.

இதனை எதிர்த்து உலகெங்கும் ஓர் இயக்கம் எழுந்துள்ளது. பழுதுபார்க்கும் உரிமை என்பது அதன் பெயர். பிரான்சு நாட்டில் 2021-ஆம் ஆண்டு சனவரி முதல், மடிக்கணினி முதலிய பொருள்களின்மேல், அதனைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டே விற்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுக் கருவிகளுக்கு, ஆக்குவதை நிறுத்திய பின்னும் ஏழாண்டு வரை உறுப்புகளையும் கருவிகளையும் கையேடுகளையும் கொடுக்கவேண்டும் என்கின்றது. உத்தரவாதம் முடிந்திருந்தாலும் கொடுக்கவேண்டும் என்கின்றது.

நம் நாடும் வாளா இருக்கவில்லை. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி உறுப்புகளை வெளிச் சந்தையில் கிடைக்கவொட்டாமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்கள்மீது 2,544 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. ஆயினும், உடையவனுக்கு உறுப்பு கிடைக்க வேண்டும் என்னும் கொள்கை அத்தீர்ப்பில் ஓங்கி ஒலித்தது. 2022-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அதற்கென ஒரு வலைவாயிலும் திறக்கப்பெற்றது. வேளாண் கருவிகள், கைப்பேசியும் மின்னணுக் கருவிகளும், வீட்டு உபயோகப் பொருள்கள், ஊர்திகள் என்னும் நான்கு துறைகளை அது தழுவியது. ஆயினும் வலைவாயில் ஒரு தொடக்கமே. நுகர்வோர் நாளும் கேட்டு வற்புறுத்தினால்தான் அது பயன்தரும்.

பழுது பார்க்காமல் எறிந்துவிடும் பொருள் எங்கே போகின்றது? 2022-ஆம் ஆண்டில் உலகம் எறிந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 இலட்சம் டன் என்று ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை கணக்கிட்டுள்ளது. அதில் முறையாகச் சேர்த்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22 விழுக்காட்டிற்குச் சற்று மேல் மட்டுமே. எஞ்சியவற்றில் பெரும்பகுதி எந்தக் கணக்கிலும் சேராமல் போகின்றது. முறையின்றி எரிக்கவும் உடைக்கவும் படும் கருவிகளிலிருந்து ஈயமும் பிற நஞ்சுகளும் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. சாயக் கழிவும் சாக்கடையும் ஓர் ஆற்றை என்ன செய்யும் என்பதை வேகவதிக் கரையில் வாழும் எங்களுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, ஒரு கணினியை மூன்றாண்டு கூடுதலாக உழைக்கச் செய்பவன் தன் வீட்டுக்கு மட்டும் அன்றி ஊருக்கும் நன்மை செய்கின்றான்.

ஆனால் எதற்கும் ஓர் எல்லை உண்டு. பழுது நீக்கும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டுமாயின், கருவியும் ஐந்தாறு ஆண்டு பழையதாயின், விடை கொடுப்பதே அறிவுடைமை. அப்பொழுதும் முழுவதும் வீணாகாது. நினைவகம், சேமிப்பகம், திரை, சார்ஜர் ஆகியவை வேறொருவருக்கு உதவும். எஞ்சியதைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பியுங்கள்.

அடுத்து வாங்கும்பொழுது மூன்று கேள்வி கேளுங்கள். நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பின்னால் மாற்ற முடியுமா? மின்கலம் திருகாணியால் பொருத்தப்பட்டதா, பசையால் ஒட்டப்பட்டதா? உதிரி உறுப்புகள் எத்தனை ஆண்டு கிடைக்கும்? விற்பவர் வியப்போடு உங்களைப் பார்ப்பார். பார்க்கட்டும். நூறு மாணவர் இக்கேள்விகளைக் கேட்டால் அவர் நிறுவனத்திற்கு எழுதுவார். இலட்சம் மாணவர் கேட்டால் நிறுவனம் கேட்கும்.

வாங்கிய பின் இரண்டு வழக்கங்களை மேற்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை விசிறியின் தூசியை நீக்கச் செய்யுங்கள். தறியுள்ள வீடுகளில் நூல்தூசி மிகுதியாதலின் இருமுறை செய்யினும் தகும். கிழமைக்கு ஒருமுறை, எழுதியவற்றை வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்து வையுங்கள். இவற்றோடு, திங்கள்தோறும் ஒரு சிறு தொகையைப் பழுதுக்கென்றே ஒதுக்குங்கள். நூறு ரூபாய் போதும். உத்தரவாதம் முடியும் அன்று உங்கள் கையில் ஆயிரத்து இருநூறு இருக்கும். கோயிலுக்கு ஒரு புதுக்குப்புறம் விட்டவர்களின் வழிவந்தவர்களுக்குக் கணினிக்கும் ஒன்று விடுவது புதிது அன்று.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நாளைப் பொறியாளர் ஆவீர்கள். புதிய கருவிகளை நீங்களே ஆக்குவீர்கள். அன்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்: நீங்கள் ஆக்கும் பெட்டி எங்கோ ஒரு சிற்றூரில், கடன்பட்டு வாங்கிய ஒரு வீட்டில் இருக்கும். உங்கள் வாக்கு ஓராண்டில் முடிந்துவிடும். அவர்கள் தேவை முடியாது. திருகாணியைத் திறக்க ஒரு வழியும், உறுப்பை மாற்ற ஓர் இடமும், படித்தறிய ஒரு வரைபடமும் அப்பெட்டியில் விட்டு வையுங்கள். அவ்வாறு ஆக்குபவர் நாட்டில் பெருகும் வரையில், பழுது கண்டவுடன் கருவியை எறியாமல், காரணம் கேட்டு அறியும் வழக்கத்தை நாம் விடலாகாது.